சக்கர மேடு

வேனில் பயணம் செய்வோர், பின்சக்கரத்துக்கு நேர்மேலே வண்டிக்குள் ஒரு மேடு புடைத்திருப்பதைக் கண்டிருப்பர். அதன்மீது கால்நீட்டி வைப்போர் உண்டு. இடம் போதாதபோது அதனையே ஆசனமாகக் கொள்வோரும் உண்டு. கீழே சுழலும் சக்கரத்துக்கு இடம்விட்டுத் தகட்டை வளைத்துக் கவிழ்த்த குடை அது. பட்டறைக்காரர்கள் அதனை வீல் ஆர்ச் என்பார்கள்; சிலர் வெறுமனே மட்கார்டு என்று சொல்லிவிடுவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது 'மேடு'. ஐம்பத்தாறு ஆண்டு வாழ்வில் அந்த மேட்டைப் பற்றி நாம் ஒரு நாளும் சிந்தித்ததில்லை. 2023 மே மாதத்தில் ஒரு நாள், அசர் தொழுகை நேரத்தில், சிந்திக்க நேர்ந்தது.

நமது இல்லம் கே.ஜி.கண்டிகையில். நமக்கும் நம் இளைய சகோதரருக்கும் பொதுவாக ஒரு பழைய வேன் உண்டு. 2017-ல் இரண்டாம் கையாக வாங்கியது. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கும், மாலையில் மக்தபுக்கும் ஏற்றிச் செல்லும். நிக்காஹ், மௌத்து என்றால் குடும்பத்தைச் சுமக்கும். வண்டிக்கணக்கு நம் கையில் இருந்தது. மதரஸாவில் ஓதிய காலத்திலிருந்தே கணக்கில் ஒரு காசு பிசகாதவர் என்று நமக்கு ஒரு பெயர். அந்தப் பெயர்தான் இந்தக் கதையின் தொடக்கம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓட்டுநர் தம்பி நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், பின் டயர் ரெண்டையும் மாத்திடணும்" என்றார். நாம் எழுந்துபோய்ப் பார்த்தோம். டயரின் மேல் வரிப்பள்ளங்கள் ஆழமாகவே இருந்தன. விரல்நுனியை உள்ளே விட்டுக் காட்டி, "இன்னும் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்" என்றோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "மேலே இருக்கு, பக்கத்துல வெடிப்பு விட்டிருக்கே" என்றார். பக்கச்சுவரில் முடிபோன்ற கீறல்கள் தெரிந்தன. ஒன்பதாண்டுப் பழம்புத்தகத்தின் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லி அனுப்பிவிட்டோம். அந்தப் பணத்தில் இருக்கைகளுக்குப் புதிய உறை தைத்தோம். முன்கண்ணாடியில் பச்சை நிறத்தில் 'மாஷா அல்லாஹ்' என்று எழுதி ஒட்டினோம். எழுத்து அழகாகவே இருந்தது.

இதனினும் பெரிய பிழை ஒன்றை ஏப்ரலில் செய்தோம். வெயில் ஏறியதும், "கோடையில் காற்று விரியும், டயரில் கொஞ்சம் குறைத்து வைத்தால்தான் வெடிக்காது" என்று யாரோ ஒருவர் பள்ளிவாசல் வாசலில் சொன்னார். செவிக்கு நியாயமாகப் பட்டது. பெட்ரோல் பங்குப் பையனிடம் சொல்லி நான்கு சக்கரத்திலும் காற்றைக் குறைக்கச் செய்தோம். அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. வெள்ளைத் தாடிக்காரர் சொன்னால் இந்நாட்டில் பையன்கள் கேள்வி கேட்பதில்லை. அது எப்போதும் நன்மையாக முடிவதில்லை.

மே மாதத்தில் புத்தூரில் உறவினர் வீட்டுத் திருமணம். திருத்தணியிலிருந்து நகரி வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது புத்தூர். முன்பு 205 என்ற எண்ணில் இருந்த அச்சாலை இப்போது 716 எனப்படுகிறது. பன்னிரண்டு பேர் அமரும் வண்டியில் பிள்ளைகள் உட்படப் பதினெட்டுப் பேர் ஏறினோம். திரும்பும்போது திருமண வீட்டார் அன்பு மிகுதியால் பிரியாணி நிறைந்த தேக்சா இரண்டினை ஏற்றிவிட்டார்கள். அவை இடப்பக்கப் பின்சக்கரத்தை ஒட்டியே வைக்கப்பட்டன. நம் மகளின் மகள், எட்டு வயது, அந்த மேட்டின்மேல் உட்கார்ந்து வந்தாள்.

நகரிக்கு வருமுன் அவள் திரும்பி, "நன்னா, இங்கே சுடுது" என்றாள். "மே மாதம் சுடாமல் குளிருமா? கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்றோம். இன்னும் சிறிது தொலைவு போனதும் மீண்டும், "நெஜமா சுடுது நன்னா, வாசனையும் வருது" என்றாள். நமக்கும் ஏதோ கருகும் வாடை வந்தது. முன்னே போகும் லாரியின் புகை என்று கொண்டோம். அவள் நம்மிடம் மூன்றாம் முறை சொல்லவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து, எதிர்ப்பக்கத்தில் தன் நன்னியின் மடியில் போய் அமர்ந்தாள். அடம் பிடிக்கிறாள் என்று நாம் சிறிது முகம் சுளித்ததும் உண்மை.

நகரியைத் தாண்டிச் சில நிமிடங்களில் டயர் வெடித்தது.

வெடிச்சத்தம் ஒருமுறைதான். அதன்பின் எழுந்த ஒலிதான் இன்றும் உறக்கத்தில் வருவது. எஃகுக் கம்பிகள் பதிந்த ரப்பர்ப் பட்டை ஒன்று டயரின் உடலிலிருந்து உரிந்து, ஒரு முனை பற்றியபடி மறுமுனை விடுபட்டு, சுழற்சிதோறும் அந்தத் தகட்டுக் குடையை அடித்தது. பின்னர் நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். அந்தச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏழெட்டு முறை சுழலும். ஆகவே நொடிக்கு ஏழெட்டுச் சவுக்கடிகள். ஓட்டுநர் தம்பி பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை. ஸ்டீரிங்கை இறுகப் பற்றி வண்டியை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானே தணியச்செய்து ஓரம் சேர்த்தார். ஓங்கி மிதித்திருந்தால் வண்டி சுழன்று கவிழ்ந்திருக்கும். மெல்ல நிறுத்தியதனால் அடிகள் இன்னும் சில நொடிகள் தொடர்ந்தன. இரண்டில் எது சிறிய தீங்கோ அதனை அவர் கண் இமைப்பதற்குள் தேர்ந்தார். ஃபிக்ஹு நூல்களில் இரு தீங்குகளில் இலேசானதைக் கொள்வது பற்றி நாம் பல பக்கங்கள் நடத்தியிருக்கிறோம். அந்தப் பக்கங்களைப் படிக்காத ஒருவர் அதனைச் செய்ததைக் கண்டோம்.

இறங்கிய பிறகு எண்ணினோம். பதினெட்டுப் பேரும் இருந்தனர். நம் இல்லத்தரசியின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு; வேறொன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். பிறகு உள்ளே பார்த்தோம். மேட்டின் தகடு பூவிதழ்போல் கிழிந்து, ஒரு சாண் உயரத்துக்கு உள்நோக்கி விரிந்து நின்றது. புதிய இருக்கை உறையில் கத்தியால் கீறியதுபோல் கோடு. கிழிசல் வழியே சாலை தெரிந்தது. அவளுடைய செருப்புகளில் ஒன்று இரு துண்டாகக் கிடந்தது. அதனை யாரும் எடுக்கவில்லை. நாம் எடுத்து ஜுப்பாவின் பையில் வைத்துக்கொண்டோம். ஏன் வைத்தோம் என்று தெரியவில்லை.

ஸ்டெப்னியை மாட்டி, பெண்டிரையும் பிள்ளைகளையும் பேருந்தில் ஏற்றிவிட்டு, வண்டியை ஊர்ந்தபடி கொண்டுவந்து சேர்த்தோம்.

மறுநாள் சோளிங்கர் சாலையில் உள்ள டிங்கர் பட்டறைக்குப் போனோம். அங்குள்ள பெரியவர் நம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். நமது வட்டாரமே அப்படித்தான். 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது; கோடு போட்டது நிலத்தின்மேல், நாவின்மேல் அன்று. நம்முடன் வந்திருந்த பேத்தி "நன்னா" என்று நம்மை அழைக்க, அவர் நிமிர்ந்து, "பாய், இந்த வயசுல உங்களுக்கு இவ்ளோ சின்னப் பொண்ணா?" என்றார். தெலுங்கில் நன்னா என்றால் தந்தை. விளக்கியதும் சிரித்தார். அந்த இரண்டு நாளில் நாம் சிரித்தது அப்போதுதான்.

அவர் முதலில் கிழிசலைப் பார்க்கவில்லை. சக்கரத்தைக் கழற்றச்செய்து, சாக்குவிரித்துக் கீழே படுத்து, விளக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "தகடு கிழிஞ்சது கண்ணுக்குத் தெரியுது. தெரியாததைத்தான் மொதல்ல பாக்கணும்" என்றார். பிரேக் எண்ணெய் செல்லும் குழாய் அடிபட்டு நசுங்கியிருந்தது. இன்னும் ஓரிரு அடி விழுந்திருந்தால் அறுந்திருக்கும். பின்விளக்குக்குச் செல்லும் ஒயர்க்கொத்து தோலுரிந்து செம்புக்கம்பி தெரிந்தது. ஷாக் அப்சார்பரும் சேஸிஸும் தப்பியிருந்தன. டயர் வெடித்த வண்டியில் வெளித்தகட்டை மட்டும் தட்டி, பட்டி பூசி, வண்ணம் அடித்துக் கொண்டுபோகிறவர்கள் பலர் என்றார். குழாய் நசுங்கியது அவர்களுக்குத் தெரிவது, மலைப்பாதையில் பிரேக் பிடிக்காதபோதுதான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏற வரும் வண்டிகளில் அவர் கண்டவற்றைச் சொன்னார். அவற்றை இங்கே எழுத மனமில்லை.

பிறகு வெடித்த டயரைப் புரட்டினார். பக்கச்சுவரில் எழுத்துகளின் வரிசை முடிவில், ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 2814. "படிங்க பாய்" என்றார். படித்தோம்; பொருள் விளங்கவில்லை. முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் ஆண்டு. 2014-ஆம் ஆண்டின் இருபத்தெட்டாவது வாரத்தில் வார்க்கப்பட்ட டயர். அன்றைக்கு ஒன்பது வயதை நெருங்கியிருந்தது. டயர் செய்வோர் பலரும், ஐந்தாறு ஆண்டு கடந்தவற்றை ஆண்டுதோறும் சோதிக்கவும், பத்தாண்டு ஆனவற்றை எந்நிலையிலும் கழற்றிவிடவும் சொல்கின்றனர். வரிப்பள்ளம் தேயாததற்குக் காரணமும் அப்போது புலப்பட்டது. 2020-லும் 2021-லும் பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடக்க, வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. ஓடாத டயர் தேய்வதில்லை. முதுமை மட்டும் அடைகிறது. வெயிலும் காற்றும் ரப்பரின் நெகிழ்வை உறிஞ்சிவிடுகின்றன.

இதில் நமக்குத் தனியாக ஒரு நாணம். பழைய அரபுத்தமிழ் ஏடு ஒன்று கையில் கிடைத்தால் நாம் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கத்தை. எழுதி முடித்த ஹிஜ்ரி ஆண்டும் மாதமும் அங்கேதான் இருக்கும். அது மங்கியிருந்தால் கண்ணாடி வைத்துக்கொண்டு அரைநாள் அதனோடு போராடுவோம். ஆறு ஆண்டு நம் வாசலில் நின்ற வண்டியின் சக்கரத்தில் விரற்கடை உயரத்தில் அச்சிட்டிருந்த தேதியை ஒருமுறையும் வாசித்தோமில்லை.

காற்றைக் குறைத்த செய்தியையும் மறைக்காமல் சொன்னோம். பெரியவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அடியில் நசுங்கி நசுங்கி விரிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைத்த இடம் சுடுமல்லவா? அதேபோல் பக்கச்சுவர் சூடேறுகிறது. வெயிலின் சூடு அதற்குமேல், பாரத்தின் நசுக்கல் அதற்கும்மேல். சூடு மிக மிக, உள்ளே நூலிழையையும் எஃகுப் பட்டையையும் ரப்பரோடு பிணைத்திருக்கும் பிடிப்பு விட்டுப்போகிறது. ஓடியபின் காற்றின் அழுத்தம் ஏறுவது இயல்பு. செய்தவர்கள் அதனையும் கணக்கிட்டே அளவு குறித்திருக்கிறார்கள். குளிர்ந்த டயரில், காலையில், குறித்த அளவு காற்று. கோடைக்கென்று தனிக்கணக்கு இல்லை. சூடான டயரில் காற்றை இறக்குவது மிகப்பெரிய தவறு. பள்ளிவாசல் வாசலில் கேட்ட மருத்துவம், நோயையே மருந்தென்று ஊட்டியிருக்கிறது. அந்த மேடு சுட்டது மே மாதத்து வெயிலால் அன்று. ஒரு குழந்தை அதனைத் தன் உடலால் அறிந்து இருமுறை நமக்கு அறிவித்திருக்கிறாள்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவர் சொன்னதையும், ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியையும் நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறோம். அரபியில் 'அஜலா' என்ற சொல்லுக்குச் சக்கரம் என்றும் அவசரம் என்றும் இரு பொருள் இருப்பதைச் சொல்லி மாணவரை வியக்கவைப்போம். பழந்தமிழில் சக்கரத்துக்குக் 'கால்' என்று பெயர் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். பட்டறையில் கவிழ்த்துப்போட்ட ஒரு டின்னின்மேல் உட்கார்ந்திருந்தபோது இந்தச் சொற்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றும் உதவவில்லை.

பழுதுபார்த்த முறையை விரிவாகவே சொல்லவேண்டும். வேன் வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். இருக்கை, உறை, தரைவிரிப்பு, அடியிலிருந்த பலகை அனைத்தையும் அகற்றச்செய்தார். வெல்டிங் பொறி பஞ்சில் விழுந்தால் வண்டியே மிஞ்சாது. ஈரச்சாக்கும் ஒரு வாளி நீரும் அருகே வைத்தார். கிழிந்த இதழ்களைத் தட்டிப் படியவைத்து மேலே ஒட்டுப்போடுவார் என்று எண்ணினோம். அவர் அவற்றை வெட்டியெறிந்தார். மடங்கி நிமிர்ந்த தகடு மீண்டும் அதே இடத்தில் முறியும் என்றார். நல்ல தகடு கிடைக்கும் வரை வெட்டி, துருவைச் சுரண்டி, திறப்புக்கு அளவாக அட்டையில் ஓர் உரு வெட்டி, அதன்படி பதினெட்டு கேஜ் தகட்டைச் சமைத்தார். ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனம். ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளியும். ஆகவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொட்டுவைத்துக்கொண்டு வந்து பின் இடைவெளிகளை நிரப்பினார். தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி, இணைப்புகளில் நீர் புகாத பசை அடைத்து, அடிப்பக்கம் முழுவதும் தார்போன்ற கீழ்ப்பூச்சு கொடுத்தார். பிரேக் குழாயைப் புதிதாக மாற்றி, ஒயர்க்கொத்தையும் அதனையும் சக்கரத்தின் நேர்கோட்டிலிருந்து விலக்கிச் சேஸிஸின் உட்புறமாகக் கொண்டுபோனார். "அடுத்த தடவை அடிச்சாலும் இதுல படக்கூடாது" என்றார்.

அடுத்த தடவை என்ற சொல் நம்மைச் சுட்டது. குடையின் உட்புறத்தில் கனத்த இரும்புப்பாளம் ஒன்று வைத்துவிடுங்கள், செலவு பார்க்கவேண்டாம் என்றோம். கணக்குப் பிசகாதவர் அன்று கணக்கை விட்டுவிட்டார்! பெரியவர் சிரிக்கவில்லை. பட்டறை வாசலில் நின்ற கரும்பு டிரெய்லர் ஒன்றைக் காட்டினார். திருவாலங்காட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்கள் நமது சாலைகளில் அரைவைக் காலம் முழுதும் காணும் காட்சி. அதன் சொந்தக்காரர் சக்கரத்தின்மேல் அரையங்குலப் பாளம் வைத்துப் பற்றவைத்திருந்தார். பாரம் ஏறி வில்பட்டை படிந்தபோது அந்தப் பாளமே டயரில் உரசி அதனைத் தின்றுவிட்டது. காப்பதற்கு வைத்தது கொல்வதாயிற்று. நான்கு சக்கர டிரெய்லரில் ஒரே பக்கத்தில் ஒரு டயர் போனால் அதன் பாரத்தைப் பக்கத்து டயர் தாங்கிக் களைத்துவிடும், அதனையும் அப்போதே கழற்றிச் சோதிக்கவேண்டும் என்பதையும் அங்கேதான் அறிந்தோம்.

நமது பழைய மாணவர் ஒருவர் அமெரிக்காவில் பணிபுரிகிறார். நடந்ததைக் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் பேசினார். அங்கே காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் உண்டு. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அமைந்த டிரெய்லர். அவற்றில் பலவற்றின் சக்கரக்குடை மெல்லிய தகட்டாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. அதன் அருகிலேயே தண்ணீர்க்குழாயும் எரிவாயுக்குழாயும் மின்கம்பியும் ஓடும். ஒரு டயர் வெடித்தால் வீட்டின் தரை, அலமாரி, குழாய் எல்லாம் சேர்ந்து போகும். ஆகையால் அங்குள்ளோர் குடைக்குள் அலுமினியத் தகடோ எஃகுத் தகடோ பொருத்திக்கொள்கிறார்களாம். டிரெய்லருக்கென்றே செய்யப்படும் அந்த டயர்களில் பலவற்றுக்கு மணிக்கு 65 மைல்தான் வேக எல்லையாம். அதாவது 105 கிலோமீட்டர் அளவு. செல்வம் நிறைந்த நாட்டிலும் நம் கே.ஜி.கண்டிகையின் சங்கடமே என்பதில் ஒரு சிறு ஆறுதல். காற்றடைத்த டயரை 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் டன்லப் உருவாக்கியது தம் சிறுமகனின் மூன்றுசக்கர வண்டிக்காக. ஒரு குழந்தையின் உடல் குலுங்கக்கூடாது என்று தொடங்கிய பொருள் இது.

முடிவில் பெரியவர் இரண்டு மில்லிமீட்டர் தகட்டில் ஓர் உட்கவசம் செய்துகொடுத்தார். பொருத்துமுன் வண்டிக்குள் சிமெண்டு மூட்டைகளை அடுக்கி, சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி, டயருக்கும் தகட்டுக்கும் நான்கு விரல் இடைவெளி நிற்கிறதா என்று தம் கையாலேயே அளந்தார். போல்ட்டின் உருண்டைத் தலை டயர்ப்பக்கமும், நட்டும் மரையும் வண்டிப்பக்கமும் இருக்குமாறு முடுக்கினார். மரைமுனை டயரை நோக்கி நின்றால் அதுவே கத்தி. சேறு தங்காமல் வடிய அடியில் ஒரு வழி விட்டார். வலப்பக்கத்துக்கும் அவ்வாறே. எல்லாம் முடிந்து பணம் கொடுக்கும்போது, "இது சும்மா கொஞ்சம் தாங்கும் பாய். வெடிக்காம பாத்துக்கிறது காத்துலயும் தேதியிலயும்தான் இருக்கு" என்றார். மொத்தச் செலவு, பிப்ரவரியில் நாம் மறுத்த இரண்டு டயர்களின் விலையைவிட அதிகம்.

அவ்வாரமே நான்கு டயர்களும் புதிதாயின. கணக்குப் புத்தகத்தை ஓட்டுநர் தம்பியிடம் ஒப்படைக்க முன்வந்தோம். அவர் மறுத்துவிட்டு, "நீங்களே வச்சிருங்க ஹஜ்ரத், நான் கேக்குறப்போ குடுத்தாப் போதும்" என்றார். அந்தச் சொல் இன்னும் நம்முள் கிடக்கிறது. நம்மை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிவிடும் இருபதுக்கு மேற்பட்ட வீடுகளுக்கும் நடந்தது தெரியும். தெரியாதது, ஓட்டுநர் முன்பே சொன்னதும் நாம் மறுத்ததும். ஒரு ஜும்ஆவுக்குப் பின் அவர்களை அழைத்து அதனையும் சொன்னோம். ஒருவர் மட்டும் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அவருடைய மகன் இப்போது வேறு வண்டியில் செல்கிறான். அவர் செய்தது தவறென்று நாம் கருதவில்லை.

மேட்டின்மேல் யாரும் அமரக்கூடாதென்று பலகையால் ஒரு பெட்டி செய்து மூடிவிட்டோம். பிள்ளைகள் புத்தகப்பையை அதில் வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சுபுஹுக்குப் பின், வெயில் ஏறுமுன், பேத்தி ஊருக்கு வந்திருந்தால் அவளும் நாமும் காற்றளக்கும் மீட்டரோடு வண்டியைச் சுற்றிவருவோம். அவள் அளவைப் படிப்பாள், நாம் குறித்துக்கொள்வோம். சென்ற வாரம் வலப்பின் சக்கரத்தில் நான்கு பவுண்டு குறைவு என்றாள். "சரியாகப் பார்" என்றோம். "பாத்துட்டுத்தான் சொல்றேன் நன்னா" என்றாள். குனிந்து தடவிப் பார்த்தபோது, வரிப்பள்ளத்தினுள் ஒரு கருவேல முள் முறிந்து நின்றது.